ஏழு கொப்பரையும் எட்டுப் பவுனும்

உங்கள் பூர்வீக ஊரில் புதையல் இருக்கிறதா?

அவசரப்பட்டு 'இல்லை' என்று சொல்லிவிடாதீர்கள். அடுத்த தடவை பொங்கலுக்குப் போகும்போது, எழுபது வயசு தாண்டிய யாராவது ஒரு பெரியவருக்கு வெற்றிலை பாக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, "ஏனுங் தாத்தா, நம்மூர்ல அந்தக் காலத்துல யாரோ பணம் பொதைச்சு வெச்சாங்களாமே..." என்று மெதுவாக இழுத்துப் பாருங்கள். கட்டாயம் ஒன்று கிளம்பும். கோயிலுக்குப் பின்னால், ஏரிக்கரையில், இடிந்த கோட்டையில், ஒன்றுமே இல்லாவிட்டால் பஞ்சாயத்து ஆபீஸுக்கு அடியிலாவது இருக்கும்!

தமிழ்நாட்டுப் புதையல்களை எல்லாம் ஒரே டைரக்டர்தான் எடுத்திருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். எந்த மாவட்டமானாலும் ஏழு கொப்பரைதான். ஆறு கிடையாது, எட்டு கிடையாது. ஏழையும் ஒரே சங்கிலியில் கோத்திருப்பார்கள். காவலுக்கு ஒரு நாகம். அது ரொம்ப வயசான நாகம் என்பதற்கு அடையாளமாக மீசை முளைத்திருக்கும். அமாவாசை ராத்திரியில் கொப்பரைகள் பூமிக்குள் நகர்ந்து போகிற சத்தம் 'கடகட'வென்று கேட்கும். கேட்டவர் யார் என்று விசாரித்தால், "எங்க தாத்தாவோட பங்காளி ஒருத்தர்." அவர் எங்கே என்றால், சத்தம் கேட்ட மறுவாரமே போய்ச் சேர்ந்திருப்பார். ஆக, சாட்சியே கிடையாது!

எங்கள் தோட்டத்திலும் அப்படி ஒன்று இருந்தது.

காங்கேயம் பக்கம் எங்களுக்குப் பதினெட்டு ஏக்கர். கிணற்றுத் தண்ணீர் பாய்கிற ஆறு ஏக்கர்தான் தோட்டம். மிச்சமெல்லாம் கொறங்காடு. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாக, சுற்றிலும் கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காடு. மாட்டுக்குப் புல் கிடைக்கும். மனுஷனுக்கு முள் கிடைக்கும். அந்தக் கொறங்காட்டின் ஈசானி மூலையில் பெரிய பெரிய பாறைக் கற்களை வட்டமாக நட்டு வைத்திருந்தது. நடுவில் ஒரு பலகைக் கல். அதற்கு அடியில்தான் எங்கள் ஏழு கொப்பரை.

அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, கட்டிலில் சாய்ந்துகொண்டு கதை சொல்வார்.

"மைசூர்க்காரனுக்குப் போன வரிப்பணத்தைத் தீரன் சின்னமலை வழியில மடக்கிப் புடுங்குனாருல்ல கண்ணு, அப்ப பாதிப் பணத்தை ஏழை பாழைக்குக் குடுத்துட்டு, ஏழு கொப்பரையை மட்டும் ராவோட ராவா நம்ம கொறங்காட்டுல எறக்கி மூடிப்போட்டாங்க. 'ஆரு புடுங்குனதுன்னு கேட்டா, சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவுல ஒரு சின்னமலை புடுங்குச்சுன்னு போய்ச் சொல்லு'ன்னாராமா!"

சின்னமலை வரிப்பணத்தைப் பறித்து ஏழைகளுக்குக் கொடுத்த கதை கொங்கு நாடு முழுக்கச் சொல்வது. வெள்ளைக்காரர்களை எதிர்த்துப் போராடிய அவரை 1805-ல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கில் போட்டது சரித்திரம். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கள் கொறங்காடு எப்படி நுழைந்தது? தோட்டம் சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் இருக்கிறது. ஆதாரம் அவ்வளவுதான். அதே ஆதாரம் எங்களைப் போல இன்னும் நூறு தோட்டத்துக்காரர்களிடம் இருக்கிறது என்பதை அப்பாரு கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை!

கொப்பரைக் கணக்கு

நான் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் குப்பை கொட்டுகிறவன். எதைக் கேட்டாலும் கூட்டிப் பார்க்கிற வியாதி உண்டு. ஒருநாள் மத்தியானம் டிபன் பாக்ஸை மூடிவிட்டு இந்தக் கொப்பரையையும் கூட்டிப் பார்த்தேன்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அதே இடத்தில் தங்கத்தை வைத்தால் 19.3 கிலோ. கொப்பரை என்ன பெரிய கொப்பரை, 50 லிட்டர் பிடிக்கிற சின்ன சைஸ் என்றே வைத்துக்கொள்வோம். காசாகப் போட்டால் இடுக்கில் காற்று நிற்கும். அது போக அறுபது சதவீதம்தான் தங்கம் என்றாலும் கிட்டத்தட்ட 580 கிலோ வருகிறது. ஏழு கொப்பரைக்கு நாலு டன்! வண்டிக்கு ஒரு கொப்பரை ஏற்றினாலும் ஏழு வண்டி, பதினாலு மாடு, இறக்கி வைக்க ஐம்பது அறுபது ஆள். அத்தனை பேரும் வந்து, பாறைக்காட்டில் குழி வெட்டி, மூடிவிட்டு, விடிவதற்குள் போயிருக்கிறார்கள். பக்கத்துத் தோட்டத்து நாய்கூடக் குரைக்கவில்லை!

இந்த மாதிரி டன் கணக்கு நம்மூரோடு நிற்பதில்லை. 2013 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தில் உன்னாவ் மாவட்டத்தில் ஒரு சாமியாருக்குக் கனவு வந்தது. 1857 கலகத்தில் கலந்துகொண்டு தூக்கில் போடப்பட்ட ஒரு ராஜா கனவில் வந்து, தன் கோட்டைக்கு அடியில் 1000 டன் தங்கம் இருக்கிறது என்றாராம். அந்தச் சமயத்தில் நம் ரிசர்வ் வங்கியிடம் இருந்த மொத்தத் தங்கமே சுமார் 557 டன்தான். தொல்லியல் துறை போய்த் தோண்டியது, டி.வி. வேன்கள் போயின, பஜ்ஜிக் கடை போட்டவர்கள் பிழைத்தார்கள். கிடைத்தது பானை ஓடும் வளையல் துண்டும். சில வாரத்தில் குழியை மூடிவிட்டார்கள்.

அப்படியானால் புதையல் என்பதே கட்டுக்கதையா? அதுவும் இல்லை. நிஜமாகவே கிடைக்கத்தான் செய்கிறது. 2020 பிப்ரவரியில் திருச்சி திருவானைக்காவல் கோயிலில் இடம் சுத்தம் செய்யத் தோண்டியபோது ஒரு பாத்திரத்தில் 505 தங்கக் காசுகள் கிடைத்தன. எடை 1.716 கிலோ. 1898-ல் புதுக்கோட்டைச் சீமையில் கருக்காகுறிச்சியில் கிடைத்தது 501 ரோமாபுரித் தங்கக் காசுகள். காசு ஒன்று சுமார் ஏழரை கிராம். மொத்தம் நாலு கிலோவைத் தொடாது. எங்கள் பக்கத்திலேயே கத்தாங்கண்ணியில் 1913-ல் 233 ரோமானிய வெள்ளிக் காசுகள் அகப்பட்டன. உலகமே திரும்பிப் பார்த்த புதையல்கள் இவை. எல்லாம் ஒரு ஆள் தூக்கிக்கொண்டு நடக்கிற எடை. கவனித்தீர்களா? கதையில் வருவது வண்டிச் சுமை. மண்ணில் வருவது மடிச் சுமை.

யார் புதைத்தார்கள்?

மடிச் சுமையைப் புதைத்தவன் ராஜா இல்லை. உங்களையும் என்னையும் போல ஒரு ஆசாமி. வியாபாரியாக இருக்கலாம், விவசாயியாக இருக்கலாம். ஏன் புதைத்தான்? வேறு எங்கே வைப்பான்!

போஸ்ட் ஆபீஸ் சேமிப்பு வங்கி இந்தியா முழுக்க வந்ததே 1882-ல்தான். அதற்கு முன்பு கொங்கு நாட்டில் என்ன நடந்தது? ஹைதர் படை ஒருபக்கம், கும்பினிப் படை இன்னொரு பக்கம். எந்தப் படை வந்தாலும் முதலில் தேடுவது குடியானவன் வீட்டுக் குதிரைத் தீனியையும் குலுக்கையையும். 1799 வரை இந்த இழுபறி. அப்புறம் 1876-ல் தாது வருஷப் பஞ்சம். வீட்டைப் பூட்டிவிட்டு ஊர் ஊராகக் கஞ்சிக்குப் போனவர்கள், திரும்பி வருவோம் என்ற நம்பிக்கையில் இருந்த நாலு காசை அடுப்படியிலோ தொழுவத்திலோ புதைத்துவிட்டுத்தான் போனார்கள்.

வங்கி வந்த பிறகாவது நம்பினார்களா? 1906 அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி திவாலானது. வெள்ளைக்காரன் நடத்துகிற கம்பெனி என்று நம்பிப் பணம் போட்ட ஆயிரக்கணக்கானவர்கள் தெருவில் நின்றார்கள். அதற்கப்புறம்தான் 1907-ல் இந்தியன் வங்கி பிறந்தது. ஆனாலும் "வெள்ளைக்காரன் ஏமாத்துவான், மண்ணு ஏமாத்தாது" என்று நினைத்த ஒரு தலைமுறையைக் குறை சொல்ல முடியுமா?

மண் ஏமாற்றவில்லைதான். புதைத்தவர்தான் திரும்பவில்லை. நோயில் போனார், பஞ்சத்தில் போனார், பெண்டாட்டி பிள்ளைக்குக்கூடச் சொல்லாமல் போனார். சொல்லியிருந்தால் பிள்ளை எடுத்திருப்பான். அது புதையல் ஆகியிருக்காது. சொல்லாமல் போன பணத்துக்குத்தான் புதையல் என்று பெயர். எங்கள் குடும்பம் இந்தப் பாடத்தைப் படிக்க நாற்பது வருஷம் ஆயிற்று.

பொன்னைப் பொன்தான் கூப்பிடும்

1983-ல் நல்ல வறட்சி. கிணற்றில் பாறை தெரிந்தது. ஆழப்படுத்த வாங்கிய கடன் வட்டி போட்டு நின்றது. அப்போது பண்ணையம் பார்த்தவர் என் பெரியப்பா. பேராசைக்காரர் இல்லை. டீக்கடையில் தன் டீக்கு மட்டுமில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்தவர் டீக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிற ஆள். மூத்த மகள் கல்யாணத்துக்கு நின்றாள். அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் ஒரு மை போடுகிறவர்.

மலையாள மாந்திரீகர் என்று சொல்லிக்கொண்டார். பேச்சென்னவோ சுத்தமான சேலத்துத் தமிழ்! வெற்றிலையில் மையைத் தடவி, விளக்கு வெளிச்சத்தில் உற்றுப் பார்த்து, "ஐயா, மூணு ஆள் ஆழத்துல மஞ்சளா மின்னுதுங்க. பூதம்தான் வழிவிட மாட்டேங்குது" என்றார்.

முதல் அமாவாசைக்குப் பூதம் கருங்கோழி கேட்டது. இரண்டாவது அமாவாசைக்குக் கிடாய். இரண்டையும் பூதம் வாசனை மட்டும் பார்த்தது, சாப்பிட்டவர் மாந்திரீகர். அதற்குள் ஆள் வைத்து வெட்டிக் கல் வட்டத்தின் பலகைக் கல்லைப் பெயர்த்தாயிற்று. உள்ளே கறுப்பும் சிவப்புமாகச் சில சட்டிகள், துருப்பிடித்த இரும்புத் துண்டு, செக்கச் செவேலென்று கொஞ்சம் மணிகள். மணிகளை வீட்டுக் குழந்தைகளுக்கு விளையாடக் கொடுத்தார்கள். சட்டி உடைந்தது.

மூன்றாவது அமாவாசைக்கு மாந்திரீகர் கடைசி சாமானைக் கேட்டார். "பொன்னைப் பொன்தான் கூப்புடுமுங்க. வீட்டுல இருக்கற பொன்னை மஞ்சத் துணியில முடிஞ்சு குழியில ஒரு ராத்திரி வைக்கோணும். ஆரும் எட்டிப் பாக்கப்படாது."

பெரியம்மா கழுத்திலிருந்தும் கையிலிருந்தும் கழற்றியது எட்டுப் பவுன். தாலியை மட்டும் விட்டார்கள். விடிந்து பார்த்தால் குழி இருந்தது. மஞ்சள் துணி இருந்தது. பொன்னைப் பொன் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டது, மாந்திரீகரையும் சேர்த்து!

பெரியப்பா போலீஸுக்குப் போகவில்லை. "ஊர் சிரிக்கும்" என்றார். பெரியம்மா அழவில்லை என்று அம்மா சொல்வாள். ஒரு மாசம் யாரோடும் பேசவில்லையாம், அவ்வளவுதான். ஊரில் கல்யாணம் காட்சி என்றால் அன்றிலிருந்து மஞ்சள் கயிற்றோடுதான் போனார்கள்.

அந்தக் கல் வட்டம் என்ன என்று ரொம்பப் பிற்பாடுதான் விளங்கியது. எங்கள் பக்கம் அவற்றைப் 'பாண்டியன் குழி' என்பார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்தவர்களின் சமாதி. நொய்யல் கரையில் கொடுமணலில் 1985-ல் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோண்ட ஆரம்பித்தபோது இதே மாதிரி சமாதிகளில் இதே சிவப்பு மணிகள் கிடைத்தன. அந்த மணிக்குச் சூதுபவளம் என்று பெயர். மணி செய்து, இரும்பு உருக்கி, ரோமாபுரி வரை வியாபாரம் நடந்த ஊர் அது. படியூரில் கிடைத்த பச்சைக்கல் கப்பலேறியதும் இந்தப் பாதையில்தான். ஆக, எங்கள் குழிக்குள் நிஜமாகவே விலைமதிப்பில்லாத ஒன்று இருந்தது. நாங்கள் தேடியது வேறு என்பதால் உடைத்துப் போட்டார்கள். ஊர் ஊராக இப்படிப் புதையல் ஆசையில் பெயர்க்கப்பட்ட சமாதிகள் எத்தனையோ.

இதெல்லாம் அந்தக் காலம், பட்டிக்காடு என்று நினைக்காதீர்கள். இப்போது மாந்திரீகர் ஆபீஸ் வாசலுக்கே வருகிறார், வேறு வேஷத்தில். அழுக்கு வேட்டியோடு இரண்டு பேர். "சார், ரோடு வேலைக்குக் குழி பறிச்சப்போ குண்டுமணி மாலை கெடச்சுது, பாதி விலைக்குத் தர்றோம்" என்பார்கள். ஒரு மணியைப் பிய்த்துக் கொடுத்து, "கடையில காட்டிட்டு வாங்க" என்பார்கள். காட்டினால் அசல் தங்கம்! அந்த ஒன்று மட்டும். மீதி பித்தளை. எங்கள் ஆபீஸில் எம்.காம். படித்த ஒரு நண்பர் நாற்பதாயிரம் கொடுத்து அரைக் கிலோ பித்தளை வாங்கினார். இன்னொரு கோஷ்டி, அரிசியை இழுக்கிற இரிடியம் கலசம் என்று சொல்லி லட்சக்கணக்கில் சுருட்டுகிறது. 'பொன்னைப் பொன்தான் கூப்பிடும்' என்பதன் புது எடிஷன்தான் இதுவும். எதையாவது எடுக்க வேண்டுமானால் முதலில் நீங்கள் கொடுக்க வேண்டும். அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

பத்திரத்தில் புதையல்

1994-ல் பாகப்பிரிவினை. பெரியப்பாவும் அப்பாவும் பத்திரம் எழுதுகிறவர் முன்னால் உட்கார்ந்தார்கள். உங்கள் வீட்டுப் பழைய கிரயப் பத்திரத்தை ஒருதரம் எடுத்துப் பாருங்கள். 'நிதி, நிட்சேபம், ஜலம், பாஷாணம்...' என்று மந்திரம் மாதிரி ஒரு வரி இருக்கும். அஷ்டபோகம் என்று பெயர். பூமியோடு சேர்ந்து வருகிற எட்டு உரிமைகள். நிதி என்றால் புதையல். நிட்சேபம் என்றால் புதைத்து வைத்த பொருள். ஜலம் தண்ணீர். பாஷாணம் கல். தலைமுறை தலைமுறையாக நம்மவர்கள் நிலத்தை விற்கும்போது, இருக்கிறதோ இல்லையோ, புதையலையும் சேர்த்தே விற்றிருக்கிறார்கள்! எங்கள் கொறங்காட்டில் எட்டில் ஒன்றுதான் ஏராளம் - பாஷாணம்.

ஈசானி மூலை யாருக்கு என்ற பேச்சு வந்தது. "அது எனக்கு வேண்டாம், தம்பிக்கே இருக்கட்டும்" என்றார் பெரியப்பா. பட்டது போதும் என்று சொன்ன வார்த்தை. ஆனால் அப்பா முகம் மாறியது. "ஏன் வேண்டாங்கறாரு? எடுத்துட்டாரோ?"

அந்தக் கேள்வி திண்ணைக்கு வந்தது, டீக்கடைக்குப் போனது, சந்தைக்குப் போனது. "பெரியவரு எடுத்துட்டாருங்க. அதான் டி.வி.எஸ். பிப்டி வாங்கியிருக்காரு" என்றார்கள். செகண்ட் ஹாண்ட் வண்டி சார் அது! பெரியப்பா கோழி அடித்தால் புதையல் பணம். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தால் புதையல் பணம். அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஐந்து வருஷம் பேசிக்கொள்ளவில்லை. இல்லாத தங்கம் எட்டுப் பவுனோடு விடவில்லை.

நிஜமாகவே எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உபயோகப்படும். 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டம் ஒன்று உண்டு. 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது பூமிக்குள் கிடைத்தாலும் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். என்ன, எங்கே, எப்போது என்று எழுதி, பொருளைக் கஜானாவில் கட்ட வேண்டும் அல்லது ஜாமீன் கொடுக்க வேண்டும். கலெக்டர் அறிவிப்புக் கொடுத்து விசாரிப்பார். நூறு வருஷத்துக்குள் நானோ என் முன்னோரோ புதைத்தது என்று யாரும் நிரூபிக்காவிட்டால் அது சொந்தக்காரர் இல்லாத புதையல். வேறு ஒப்பந்தம் இல்லை என்றால் கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. சர்க்காருக்கே வேண்டுமென்றால் அந்த உலோகத்தின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். கமுக்கமாக மறைத்தால்? உங்கள் பங்கும் சர்க்காருக்கு. உங்களுக்கு ஒரு வருஷம் வரை ஜெயிலோ அபராதமோ, இரண்டுமோ. ஏழு கொப்பரைக்கு நாகம் காவல் இருக்கிறதோ இல்லையோ, கலெக்டர் இருக்கிறார்.

நிஜப் புதையல்

பெரியப்பா 2003-ல் காலமானார். அண்ணன் தம்பி ஒருவாறு பேசிக்கொள்ள ஆரம்பித்திருந்த சமயம். அவருடைய டிரங்குப் பெட்டியில் பால் சொசைட்டிக் கணக்கு நோட்டு ஒன்று இருந்தது. அதில் ஒரு பக்கத்தில், '8 பவுன் - 25,000' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தது. போன நகையின் கணக்கை மனுஷர் நினைத்து நினைத்து எழுதி வைத்திருக்கிறார் என்று பெரியப்பா மகன், எங்கள் அண்ணன், நோட்டை மூடிவைத்துவிட்டார்.

இருபது வருஷம் ஓடியது. 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி 'உத்கம்' என்று ஒரு இணையதளம் ஆரம்பித்தது. பத்து வருஷம் யாரும் கேட்காமல் கிடக்கிற டெபாசிட்டுகளை வங்கிகள் ரிசர்வ் வங்கியின் ஒரு நிதிக்கு மாற்றிவிட வேண்டும் என்பது 2014-லிருந்து நடைமுறை. 2023 பிப்ரவரி வரை அரசு வங்கிகள் மட்டும் இப்படி மாற்றியது சுமார் 35,012 கோடி ரூபாய்! மாற்றிவிட்டாலும் பணம் சொந்தக்காரருடையதுதான். எப்போது வேண்டுமானாலும் அவரோ வாரிசோ கேட்டு வாங்கலாம். அந்தப் பணம் எந்த வங்கியில் யார் பெயரில் கிடக்கிறது என்று தேடத்தான் இந்தத் தளம். பெயரோடு, பான் எண், பிறந்த தேதி போல ஏதாவது ஓர் அடையாளம் கொடுத்துத் தேட வேண்டும்.

2024-ல் ஒருநாள் லஞ்ச் டைமில், குடும்பத்துப் பெரியவர்கள் பெயரை ஒவ்வொன்றாகப் போட்டுத் தேடிக்கொண்டிருந்தேன். பெரியப்பா பெயர் வந்தது. ஊர்ப் பெயரும் வந்தது. அன்று ராத்திரி அண்ணனுக்குப் போன் போட்டேன். சிறிது நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"தம்பி... அந்த நோட்டு!" என்றார்.

விஷயம் இதுதான். பெரியப்பா பால் பணத்தில் மிச்சம் பிடித்து மிச்சம் பிடித்து, 1999-ல் காங்கேயத்தில் ஒரு வங்கியில் 25,000 ரூபாய் ஐந்து வருஷ டெபாசிட் போட்டிருக்கிறார். அன்றைக்கு எட்டுப் பவுன் விலை அது. வாரிசாகப் பெரியம்மா பெயர். போன நகையைத் திருப்பி வாங்கிக் கொடுக்கப் பார்த்திருக்கிறார் மனுஷர்! ஏன் யாரிடமும் சொல்லவில்லை? எப்படிச் சொல்வார்? செகண்ட் ஹாண்ட் வண்டிக்கே புதையல் என்றது ஊர். வங்கியில் டெபாசிட் என்று தெரிந்தால்? தம்பிதான் என்ன நினைப்பான்? முதிர்ந்ததும் நகையாக வாங்கி நீட்டலாம் என்று இருந்திருப்பார். ஒரு வருஷம் முந்திக்கொண்டு எமன் வந்துவிட்டான்.

அண்ணன் இறப்புச் சான்றிதழும் பெரியம்மாவின் அடையாள அட்டையுமாக வங்கிக்கு நாலு நடை நடந்தார். பணம் வந்தது. முதிர்ந்த பிறகு கேட்காமல் கிடக்கிற டெபாசிட்டுக்கு வட்டி சொற்பம்தான். எல்லாம் சேர்த்து எழுபதாயிரத்துச் சொச்சம். 2004-ல் கையில் கிடைத்திருந்தால் எட்டுப் பவுன் வாங்கிச் செய்கூலியும் கொடுத்திருக்கலாம். 2024-ல் பவுன் ஐம்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. வாங்க முடிந்தது ஒண்ணேகால் பவுன். சொல்லாமல் போனதற்கு வட்டி ஆறே முக்கால் பவுன்!

எண்பதைத் தாண்டிய பெரியம்மா அந்தச் சங்கிலியைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நகை கெடக்குது சாமி. என்ர கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல? நானென்ன ஊர்க்காரியா?" என்றார்கள். அப்புறம் கழுத்தில் போட்டுவிடச் சொன்னார்கள். அப்பா அன்றைக்கு வீட்டில் சாப்பிடவே இல்லை. சாயங்காலம் தனியாகக் கொறங்காட்டுப் பக்கம் நடந்து போய்விட்டு, இருட்டிய பிறகுதான் வந்தார்.

இந்த 35,012 கோடியில் பெரும் பணக்காரர்களுடையது எவ்வளவோ எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் பெரியப்பாவைப் போலப் பால் பணமும் பருத்திப் பணமும், 'சர்ப்ரைஸாகக் கொடுக்கலாம்' என்று வைத்த பணமும், 'மருமகளுக்குத் தெரிய வேண்டாம்' என்று வைத்த பணமும் அதில் நிச்சயம் இருக்கும். அந்தக் காலத்து ஆசாமி அடுப்படியில் புதைத்தான். இந்தக் காலத்து ஆசாமி அக்கவுண்ட்டில் புதைக்கிறான். பூதத்துக்குப் பதிலாகப் பாஸ்வேர்ட் காவல் இருக்கிறது!

எனவே இளைஞர்களே, மாசச் சம்பளக்காரர்களே! மண்வெட்டியைக் கீழே போடுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். அப்பா அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, வங்கிக் கணக்கு, டெபாசிட், போஸ்ட் ஆபீஸ் பாஸ் புத்தகம், எல்.ஐ.சி. பாலிஸி, பழைய ஷேர், பி.எஃப்., யாருக்கோ கொடுத்த கைமாற்று - எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கேட்டு எழுதுங்கள். "இப்ப எதுக்குடா இதெல்லாம்?" என்று முறைப்பார்கள். எழுதுங்கள். உங்களுடையதையும் மனைவியிடம் சொல்லி எழுதுங்கள். (முறைப்பார்கள். இருந்தாலும் எழுதுங்கள்.) வாரிசு நியமனம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், 2025 நவம்பரிலிருந்து ஒரு வங்கிக் கணக்குக்கு நாலு பேர் வரை போடலாம். காலமான பெரியவர்களின் பெயரை 'உத்கம்' தளத்தில் ஒருதரம் தேடிவிடுங்கள். கேட்கப்படாத பாலிஸிப் பணத்தை எல்.ஐ.சி.யின் தளத்திலும் தேடலாம். இரண்டுக்கும் காசு கிடையாது. கருங்கோழியும் வேண்டாம்.

ஒரே ஒரு விஷயம். எழுதி முடித்த நோட்டை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவையுங்கள். அதையும் புதைத்துவிடாதீர்கள்!